ஏழாவது கடவுளுக்குச் சட்டம் எழுதிய கதை

கடவுள்களுக்குச் சட்டம் எழுதும் தொழிலில் ஒரே ஒரு சங்கடம்தான்: கடவுள் சட்டத்தை மீறினால் திட்டு நமக்கு விழும்.

இப்படி ஒரு தொழில் உண்டா என்று கேட்காதீர்கள். ஹைதராபாத் கொண்டாப்பூரில் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், அப்படி ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நாலு வருஷம் இதைத்தான் செய்தேன். எங்களுடையது கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் கம்பெனி. வெளிநாட்டு க்ளையன்ட் ஒருவருக்காக ஒரு கற்பனை உலகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதில் ஏழு கடவுள்கள். ஆட்டத்தில் உட்காருகிற ஒவ்வொருவரும் ஒரு கடவுள். எந்தக் கடவுள் என்ன மாயம் செய்யலாம், செய்தால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று எழுதிவைப்பது என் வேலை. சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு, 'ஒரு சின்ன சேஞ்ச்தான்' என்று மேனேஜர் வந்து பக்கத்தில் நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உட்காருங்கள், சொல்கிறேன்.

இன்சூரன்ஸிலிருந்து வானுலகத்துக்கு

விருதுநகரிலிருந்து கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவள் நான். முதலில் ஒரு கம்பெனியில் இன்சூரன்ஸ் சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். படிவத்தில் பிறந்த தேதியை நாளைய தேதியாகப் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்கிறதா, மறுக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. மூன்று வருஷத்தில் அந்த ப்ராஜெக்ட் முடிந்தது. வேறு இடம் தேடியபோது இந்த கேம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள்.

இன்டர்வியூ எடுத்தவர் டீம் லீடர் ரவீந்தர். வாரங்கல்காரர். இரண்டு வருஷம் சென்னையில் இருந்ததால் தமிழ் பேசுவார். கொஞ்சம் தெலுங்கு வாடை அடிக்கும். "எனக்கு கேம் விளையாடவே தெரியாது சார்" என்று முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என் பயோடேட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூகம்பம், வெள்ளம், இடி என்று இன்சூரன்ஸில் 'கடவுள் செயல்' எனப்படுபவற்றுக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்ற பகுதியை நான்தான் டெஸ்ட் செய்தேன் என்று அதில் எழுதியிருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வசந்திகாரு, அங்க 'ஆக்ட் ஆஃப் காட்' பாத்தீங்க. இங்கயும் அதேதான். எப்போ ஜாயின் பண்றீங்க?"

நாலு வயதுக் குழந்தையின் வெற்றி

ஆறு கடவுள்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தீ, மழை, கடல், போர், உறக்கம், விளைச்சல் என்று ஆளுக்கு ஒரு துறை. தீக்கடவுள் எரிப்பார், மழைக்கடவுள் அணைப்பார். எழுதிவைத்தபடி நடந்துகொள்வார்கள். ஏழாவதுதான் வில்லங்கம். க்ளையன்ட் அனுப்பிய தாளில் அவருக்கு எதிரே 'கேயாஸ் மேஜிக்' என்ற இரண்டே வார்த்தைகள். தாறுமாறு மாயம். அது எப்படி வேலை செய்யும் என்று ஒரு வரிகூட இல்லை. "நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் ப்ரோகிராமர் இம்ரான், பழைய ஹைதராபாத்காரன், கெட்டிக்காரன். அவன் ஒரே மத்தியானத்தில் வழி கண்டுபிடித்தான். ஏழாவது கடவுள் கையைத் தூக்கினால் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் ஒரு பகடை உருட்டும். விழுந்த எண்ணைப் பொறுத்து மலை வெடிக்கலாம், பூ மலரலாம், எதிரி நாடே அழியலாம். "தாறுமாறுன்னா இதுதானே மேடம்?" என்றான். எனக்கும் சரியாகத்தான் பட்டது. அந்தக் கடவுளுக்குக் 'கிர்கிரி' என்று பேரும் அவனே வைத்தான். ஹைதராபாத் பேச்சில் கிர்கிரி என்றால் ஓயாத தொல்லை என்று அர்த்தம். பத்து மாதம் அந்தப் பகடையோடே ஓட்டினோம்.

அப்புறம் ஒரு நாள் க்ளையன்ட் பக்கத்துத் தலைவர் கிரஹாம் போனில் வந்தார். ஸ்பீக்கரைச் சுற்றி நாங்கள் ஏழு பேர். ஆறு வாரம் தருகிறேன், ஏழாவது கடவுள் சரியாகாவிட்டால் ஆறு கடவுள்களோடு ஆட்டத்தை வெளியிட்டுவிடுவோம் என்றார். ஆறு கடவுள்களுக்கு நாலு ஆள் போதும் என்பது எங்கள் ஏழு பேருக்கும் தெரியும். ரவீந்தர்தான், "என்ன குறை என்று சொல்ல முடியுமா?" என்று மெல்லக் கேட்டார். கிரஹாம் கோபப்படாமல் சொன்னார்:

"அந்தக் கடவுளை வைத்துக்கொண்டு என் நாலு வயது மகள் என்னை மூன்று முறை தோற்கடித்தாள். அவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது."

அம்மாவின் தீர்ப்பு

அந்த வாரம் விருதுநகரிலிருந்து அம்மா போன் செய்தாள். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். மனசு தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏழு கடவுள்கள், ஆறு பேர் ஒழுங்கு, ஒருத்தன் மட்டும் சொன்னபடி நடப்பதில்லை, அவனால் என் வேலைக்கே ஆபத்து என்றேன். கம்ப்யூட்டர், க்ளையன்ட் என்று நான் விளக்கியதில் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எங்கள் வீட்டில் நாங்கள் அஞ்சு பிள்ளைகள். அம்மா சொன்னாள்:

"ஏழுல ஒண்ணுதான் சொன்ன பேச்சு கேக்கலைங்கிறே? நல்ல குடும்பம்டி அது."

பிரியாணி போன பாதை

எங்கள் டீமில் கடவுள்களுக்கு முகம் வரைகிறவள் பிலோமினா. ஹைதராபாத் பக்கத்தில் திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அவள் தாத்தா காலத்திலேயே ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழும் உருதுவும் ஒரே வாக்கியத்தில் குடியிருக்கும்; 'எதற்கு' என்பதைக் 'கைக்கு' என்பார்கள். கெடுவில் ஒரு வாரம் வீணாகப் போயிருந்த நேரத்தில் அவள் அண்ணன் கல்யாண ரிசப்ஷன் வந்தது. போகிற மனநிலையில் நான் இல்லை. "வராட்டி பேச மாட்டேன் அக்கா" என்றாள். போனேன்.

பன்னிரண்டரை மணிக்குப் பந்தியில் உட்கார்ந்தோம். வேனிலிருந்து இறங்கிய அண்டாவைத் திறந்தால் புளியோதரை. அடுத்ததில் அவியல். மட்டன் பிரியாணிக்காகக் கையைக் கழுவிவிட்டு வந்த முன்னூறு பேர் திகைத்துப்போனார்கள். ஒரே சமையல்காரர் அடுத்த தெரு மண்டபத்தில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்கும் சாப்பாடு ஏற்றிருந்தார். வேன் மாறிவிட்டது. அங்கே மணையில் உட்கார்ந்திருந்த தம்பதிக்கு எதிரில் நம்முடைய பிரியாணி இறங்கியிருக்கிறது! மாப்பிள்ளையின் சித்தப்பா சண்டைக்குக் கிளம்பினார். அங்கிருந்து நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு இங்கே வந்தார்கள். தெரு நடுவில் ஒரே கூச்சல். சமையல்காரர் எங்கே ஓடினார் என்றே தெரியவில்லை.

பிலோமினாவின் அம்மா பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். இரண்டு டிரைவர்களையும் கூப்பிட்டு, ஒரு கரண்டிகூட எடுக்காமல் அண்டாக்களை மூடச்சொல்லி, வேன்களை அப்படியே திருப்பி அனுப்பினார். இருபது நிமிஷத்தில் பிரியாணி எங்கள் இலைக்கு வந்துவிட்டது. இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்து அவர் சொன்னதைக் கேட்டு என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"எதுவும் கெட்டுப்போகல, எதுவும் குறையல. அட்ரஸ் மட்டும்தான் மாறிச்சு. அதுக்குக் கைக்கு இவ்ளோ டென்ஷன்?"

பகடைக்கு விடை

சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் ஆட்டோவில் ஏறி, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். தாறுமாறு என்பது எதையும் புதிதாக உண்டாக்குவதல்ல, அழிப்பதுமல்ல. இருப்பதை இடம் மாற்றுவது. கிர்கிரிக்குச் சொந்தமாக ஒரு சக்தியும் கிடையாது. ஏதாவது இரண்டு கடவுள்களைக் காட்டினால் அவர்களுடைய சக்திகள் ஒரு சுற்றுக்கு இடம் மாறும். அவ்வளவுதான். போர்க்கடவுள் கையில் மழை வந்துவிட்டால் வாளெல்லாம் துருப்பிடிக்கும். கடல்கடவுளிடம் தீ வந்தால் மீன் செத்து மிதக்கும். விளைச்சல் கடவுள் உறக்கத்தைப் பெற்றால் விதை மண்ணுக்குள்ளேயே தூங்கிவிடும். கைக்கு வந்த சக்தியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அந்தக் கடவுள்கள் படுகிற பாடுதான் குழப்பமே. யாரை யாரோடு மாற்றினால் தனக்கு லாபம் என்று கிர்கிரி நன்றாக யோசித்தாக வேண்டும். நாலு வயதுக் குழந்தையால் அது முடியாது.

ஆறு கடவுள்களில் பதினைந்து ஜோடி. பதினைந்துக்கும் என்ன நடக்கும் என்று நாலு நாளில் எழுதி முடித்தேன். மற்றவர்களிடம் சொல்வது சுலபமாக இருந்தது. இம்ரானிடம் சொல்லத்தான் பயம். பத்து மாத உழைப்பைத் தூக்கிப்போடு என்று எப்படிச் சொல்வது? "நக்கோ மேடம், வேணாம். என் பகடையைத் தொடாதீங்க" என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். என் தாள்களை அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், ஒரு சோடா பாட்டில் மூடியை மழை என்றும் இன்னொன்றைத் தீ என்றும் வைத்துக்கொண்டு தனக்குத்தானே விளையாடிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை வந்ததும் பகடை வரிகளை முழுவதுமாக அழித்தான். அழிக்கும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"பத்து மாசமா நான் எழுதினது குழப்பம் இல்ல மேடம், சோம்பேறித்தனம்."

ஜங்ஷனில் கிடைத்த முகம்

விதி மாறியதும் முகம் பொருந்தாமல் போனது. பிலோமினா கிர்கிரிக்கு எட்டுக் கொம்பும் ரத்தச் சிவப்புக் கண்ணும் வரைந்திருந்தாள். "இது கொல்ற மூஞ்சி அக்கா. இவன் கொல்றவன் இல்லியே" என்று அவளே கிழித்துப்போட்டாள். ஒரு வாரம் எத்தனையோ முகம் வரைந்தாள். எதுவும் ஒட்டவில்லை.

ஒரு காலை நானும் அவளும் ஷேர் ஆட்டோவில் கொண்டாப்பூர் ஜங்ஷனில் மாட்டிக்கொண்டோம். சிக்னல் வேலை செய்யவில்லை. போலீஸ்காரரும் இல்லை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஸ்கூட்டரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கை காட்டத் தொடங்கினார். அவர் காட்டிய பக்கமெல்லாம் வண்டிகள் போயின. போய் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. வலப்பக்கம் போக வேண்டிய பஸ் இடப்பக்கம் திரும்பியிருந்தது. நாலு திசையும் அடைத்துக்கொண்டது. அவர் முகத்திலோ அப்படி ஒரு நிறைவு, அப்படி ஒரு கருணை! பிலோமினா என் டிபன் பையிலிருந்த தாளைப் பிடுங்கி வரைந்துகொண்டே இருந்தாள். வரைந்து முடித்ததும் கிர்கிரி எனக்கு உயிரோடு தெரிந்தான். எங்கள் ஆட்டோவைத் தாண்டும்போது அந்த மனுஷர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தெலுங்கில் கேட்டார்:

"நான் மட்டும் இல்லேன்னா இந்த ஜங்ஷன் என்னங்க ஆகியிருக்கும்?"

டீச்சர் கேட்ட கேள்வி

கிரஹாம் நேரில் வர ஒரு வாரம் இருந்தபோது, வெளி ஆட்களை விளையாடவைத்துப் பார்த்துவிடலாம் என்று அல்வால் பகுதியில் ஒரு இன்டர்நெட் சென்டரை ஞாயிற்றுக்கிழமை காலை வாடகைக்கு எடுத்தோம். எட்டு கம்ப்யூட்டர். ஏழில் எங்கள் ஆட்டம், எட்டாவதில் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த ஒருவர். வந்தவர்களில் லலிதா என்று ஒரு கணக்கு டீச்சர். கேம் ஆடிப் பழக்கமில்லை. பிலோமினாவுக்குத் தெரிந்தவர் என்பதால் வந்தார். அவருக்குக் கிர்கிரியைக் கொடுத்தேன்.

அரை மணி நேரம் அமைதியாக ஆடினார். திடீரென்று ஏழு திரையும் உறைந்துபோயின. இம்ரான் வயர்களைப் பிடுங்கி மாட்டினான். அந்த அவசரத்தில் எட்டாவது கம்ப்யூட்டரும் அணைந்து, விண்ணப்பம் நிரப்பியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பிலோமினாவை உட்காரவைத்து அதை மறுபடி நிரப்பிக்கொடுத்தோம். பிறகுதான் என்ன நடந்தது என்று பார்த்தோம். டீச்சர் முதலில் போர்க்கடவுளைக் காட்டியிருக்கிறார். இரண்டாவதாகத் தன் கிர்கிரியையே காட்டியிருக்கிறார். இடம் மாற்றுகிற சக்தியே இடம் மாறினால் யார் மாற்றுவது? கம்ப்யூட்டர் அதைத் தேடித் தேடிச் சுற்றி மயங்கி விழுந்துவிட்டது. "டீச்சர், யாராவது தன்னையே காட்டுவாங்களா?" என்று அழாத குறையாகக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்:

"கூடாதுன்னு நீங்க எங்கயும் எழுதலையே."

ஒரு வரியா, ஆறு நாளா

திங்கட்கிழமை காலை ரவீந்தர் எங்களைக் கூப்பிட்டார். இதைத் தடுக்க இம்ரானுக்கு ஒரு வரி போதும். 'கிர்கிரி தன்னைக் காட்டக்கூடாது.' முடிந்தது கதை. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த டீச்சர் தன்னையே காட்டியபோது அவர் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு வந்ததை நான் பார்த்திருந்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தானே ஆட்டமே? "தடுக்க வேண்டாம் சார். அனுமதிப்போம். கிர்கிரி தன்னையே மாற்றிக்கொண்டால் எதிராளி கிர்கிரி ஆகிவிடுவான், இவன் அவனாகிவிடுவான். ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை" என்றேன். அதற்கு ஆறு நாள் வேலை. கையில் இருந்ததும் ஆறு நாள். ஓட்டை விழுந்தால் ஏழாவது கடவுளும் போய்விடுவார், எங்களில் மூன்று பேரும் போய்விடுவோம்.

இம்ரான் என்னைப் பார்த்தான், பிலோமினா இம்ரானைப் பார்த்தாள். பயந்த சுபாவம் என்று பேரெடுத்த ரவீந்தர் வெள்ளைப் பலகையிலிருந்த பழைய அட்டவணையை முழங்கையாலேயே துடைத்தார். சட்டைக் கை நீலமாகிவிட்டது. திரும்பி நின்று சொன்னார்:

"நாலு பேர் மட்டும் மிஞ்சுற டீம்ல எனக்கு இருக்க இஷ்டம் இல்ல. ஸ்டார்ட் பண்ணுங்க."

கிரஹாமின் படை

கிரஹாம் இரண்டு ஆட்களோடு வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். கை குலுக்கும்போதுகூடச் சிரிக்கவில்லை. அவர் போர்க்கடவுளை எடுத்துக்கொண்டார். அவருடைய ஆட்கள் கடலும் தீயும். நான் கிர்கிரி. மீதிக் கடவுள்களைக் கம்ப்யூட்டரே ஆடும். என் கை ஈரமாக இருந்ததால் மவுஸைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே ஆடினேன்.

மனுஷர் நன்றாக ஆடினார். முக்கால் மணி நேரத்தில் உலகத்தில் பாதி அவருடையது. எனக்கு மிஞ்சியது ஒரு தீவும் ஒரு கோட்டையும். அவர் படை கோட்டை வாசலில். அடுத்த சுற்றில் நான் காலி. பின்னால் நின்ற இம்ரான் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் போர்க்கடவுளைக் காட்டினேன். பிறகு என்னையே காட்டினேன்.

திரை ஒரு கணம் இருண்டது. உறைந்துவிட்டதோ என்று என் உயிரே போய்விட்டது. உடனே வெளிச்சம் வந்தது. கோட்டை வாசலில் நின்ற அத்தனை படையும் என் கொடியைப் பிடித்திருந்தது. கிரஹாமின் திரையில் அந்த ஜங்ஷன்காரரின் கருணைச் சிரிப்பு. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியே ஆடும்படி சிரித்தார் பாருங்கள்! கிர்கிரியாகிவிட்டவரைப் பிடிக்கவா முடியும்? தீயைக் கடலோடு மாற்றினார், மழையை உறக்கத்தோடு மாற்றினார், தன் ஆட்கள் இருவரையும் அலறவைத்தார். மற்ற டீம்காரர்களெல்லாம் வந்து எங்கள் அறைக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஜெயித்தது நான்தான். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. பிலோமினா விசிலே அடித்துவிட்டாள். ஏழாவது கடவுளை என்ன செய்யலாம் என்று ரவீந்தர் கேட்க வாயெடுத்தார். கிரஹாம் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு ஆட்டம். இந்தத் தடவை நான்தான் கிர்கிரி."

வாழ்த்து மடல்

ஆட்டம் வெளிவந்தபோது அட்டையில் இருந்தது கிர்கிரியின் முகம்தான். பேரையும் மாற்றவில்லை. கிரஹாம் அதைக் 'கர்க்கரி' என்று உச்சரிப்பார். இம்ரான் போனிலேயே திருத்துவான். ஏழு பேராக இருந்த டீம் பத்தொன்பது ஆனது. எங்களுக்கு ஜன்னல் பக்க இடம் கொடுத்தார்கள்.

விளையாடியவர்களிடமிருந்து மெயில்கள் வந்துகொண்டே இருந்தன. பாதி பாராட்டு, பாதி புலம்பல். எங்களுக்குப் புலம்பல்தான் பிடித்திருந்தது. மூன்று நாள் பாடுபட்டுக் கட்டிய பேரரசைக் கடைசிச் சுற்றில் தன் சொந்த மனைவியிடமே பறிகொடுத்த ஒருவர் எந்த ஊரிலிருந்தோ எழுதிய மெயிலை ரவீந்தர் பெரிதாக அச்சடித்து என் மேஜைக்கு மேலே ஒட்டினார். நான் வேலையை விட்டு வரும்போது அதை மட்டும் கிழியாமல் உரித்து எடுத்துவந்தேன். அதில் இருந்தது இதுதான்:

"இந்தக் கடவுளை உண்டாக்கியவர் யாராக இருந்தாலும், அவர் வீட்டில் உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஆயுள் முழுக்க இடம் மாறியே இருக்கட்டும்."

நாலு வருஷம் கடவுள்களோடு குடித்தனம் நடத்தியதில் நான் கண்டது, ஒழுங்காக இருந்த ஆறு பேரையும் பற்றி ஒரு வரி எழுத உலகத்தில் ஒருவருக்கும் நேரமில்லை என்பதுதான்.